எத்தனை மடங்கு? எந்தத் தண்ணியில்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது வழக்கமான தலைப்புகளைத்தான் நீட்டினார்கள். ‘இளைஞனே எழுந்திரு’, ‘தன்னம்பிக்கையே மூலதனம்’, ‘நாளைய பாரதம் நம் கையில்’. எல்லாம் நல்ல தலைப்புகளே. ஆனால் எனக்கு எழுதத் தோன்றியது ஒரு முழத் துணியைப் பற்றி. அது எவ்வளவு தண்ணீர் குடிக்கும், குடித்த தண்ணீரை எப்படி வைத்துக்கொள்ளும் என்பதைப் பற்றி.

“என்ன மாப்ள, லேப் ரெக்கார்டை அப்படியே மலர்ல ஏத்தப் போறியா?” என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்! கடைசி வரி வரை படித்துவிட்டு, சிரிப்பதா சிந்திப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அப்பத்தா கேட்ட கேள்வி

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளைத் தெரியாதவர்கள் நம் கல்லூரியில் இருக்க முடியாது. தெருவுக்குள் நுழைந்தாலே விசைத்தறிச் சத்தம் காதைப் பிளக்கும். அங்கே நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல, பேண்டேஜ் துணி. எங்கள் வீட்டிலும் அதே தறிதான், அதே கூலிதான். “ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் கட்டுப் போடுறது நம்ம ஊருதாம்ப்பா” என்று அப்பா அடிக்கடி பெருமையாகச் சொல்வார். நானும் அப்படியே பெருமைப்பட்டு வளர்ந்தவன்.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தப்பா வீட்டில் இருக்கும் என் அப்பத்தாவுக்குக் காலில் புண். சர்க்கரை வியாதி, ஆறவே இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். காலேஜ் விட்டதும் பஸ் பிடித்து நான்தான் கூடப் போவேன். பழைய கட்டைப் பிரிக்கும்போது துணி காய்ந்து புண்ணோடு ஒட்டியிருக்கும். நர்ஸ் அக்கா சலைன் ஊற்றி ஊறவைத்துப் பக்குவமாகத்தான் எடுப்பார். அப்படியும் துணியோடு கொஞ்சம் புதுச் சதை வந்துவிடும். அப்பத்தா பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டது:

“ஏய்யா, இது உங்கப்பன் தறியில நெய்ததா? நல்லாத்தான் நெய்திருக்கான். ஆனா புடிச்சா விடமாட்டேங்குதே!”

நண்பர்களே, மூன்று வருஷமாக டெக்ஸ்டைல் படிக்கிறேன். எத்தனையோ வைவா கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் புத்தகத்தை நிஜமாகவே திறந்தேன்.

மிதக்கும் பஞ்சு, மூழ்கும் பஞ்சு

ஒரு சின்ன வேடிக்கை செய்து பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில், செடியிலிருந்து பறித்த பஞ்சைக் கொஞ்சம் போடுங்கள். மிதக்கும். மெடிக்கல் கடையில் வாங்கிய பஞ்சைப் போடுங்கள். சில நொடிகளில் மூழ்கும். இரண்டும் பருத்திதானே? இரண்டும் செல்லுலோஸ்தானே?

வித்தியாசம், நூலின் மேலே இருக்கும் மெழுகிலும் பெக்டினிலும் இருக்கிறது. மெழுகு, எடையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது. அந்தத் துளி போதும், தண்ணீரை அண்டவிடாமல் செய்ய! காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் செய்து அதை நீக்கியபிறகுதான் கோராத் துணி மருத்துவத் துணி ஆகிறது. பிரிட்டிஷ் மருந்தியல் நூல் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. உறிஞ்சும் பஞ்சு 10 நொடிக்குள் மூழ்க வேண்டும், ஒரு கிராம் பஞ்சு குறைந்தது 23 கிராம் தண்ணீரைப் பிடிக்க வேண்டும்.

பிடிக்கிறது, சரி. ஆனால் எங்கே வைத்துக்கொள்கிறது? பெரும்பாலும் இழைகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில்தான். அதனால்தான் பிழிந்தால் வந்துவிடுகிறது, காற்றுப்பட்டால் காய்ந்துவிடுகிறது. காய்ந்ததும் என்ன ஆகும்? புண்ணின் நீரும் ரத்தமும் அந்தச் சந்துகளுக்குள்ளேயே இறுகிப் பசை ஆகிவிடுகிறது. அப்பத்தாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இது.

இந்தப் பாடத்தை வாழ்க்கையில் அடிபட்டுக் கற்ற ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். அவரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்ய வேண்டும் என்று 1998-ல் பஞ்சை வைத்துச் செய்து பார்த்தார். தோற்றார். ‘வெள்ளையாக இருக்கிறது, பஞ்சுதானே’ என்றுதான் அவரும் நினைத்தார். கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது பருத்தி அல்ல, பைன் மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸ் கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. பிறகு அவர் செய்த எளிய எந்திரம் ஊர் ஊராகப் போனது. 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பருத்தியும் செல்லுலோஸ், மரக்கூழும் செல்லுலோஸ். பெயர் ஒன்றாக இருந்தால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக்கூடாது என்பதுதான் இதில் பாடம்.

தயிரும் பாதாம் பிசினும்

இனி விஷயத்துக்கு வருவோம். பிழிந்தாலும் விடாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் பொருள் உண்டா? உண்டு. அதன் பெயர் ஹைட்ரோஜெல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தயிரில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆனாலும் உறைந்த தயிரைக் கவிழ்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுவதில்லை. பால் புரதங்கள் கைகோத்து வலை பின்னித் தண்ணீரைச் சிறைபிடித்திருக்கின்றன. ராத்திரி ஊறப்போட்ட பாதாம் பிசின் காலையில் கிண்ணம் நிறைய உப்பி நிற்கிறதே, சர்பத்தில் சப்ஜா விதையைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு உறை வருகிறதே, எல்லாம் இதே குடும்பம்தான். (ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக்காரர்களின் வித்தை இதற்கு நேர் எதிர். பாலிலிருந்து தண்ணீரை விரட்டுவதில்தான் அவர்கள் கைப்பக்குவம் இருக்கிறது!)

ஹைட்ரோஜெல் என்பது ஒரு வலை. நீளநீளமான பாலிமர் சங்கிலிகள், அங்கங்கே முடிச்சு. அவ்வளவுதான். அந்த வலை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை மூன்று சங்கதிகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, சங்கிலியில் என்ன தொங்குகிறது?

செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லே, த்ரகோஸ்லாவ் லிம் என்ற இருவர் 1960-ல் ஒரு ஜெல்லைப் பற்றி எழுதினார்கள். அதன் சங்கிலியில் தொங்குவது ஹைட்ராக்சில் தொகுதி. அது 100 கிராம் ஈர ஜெல்லில் சுமார் 38 கிராம் தண்ணீர் வைத்துக்கொள்ளும். மென்மையான காண்டாக்ட் லென்ஸ் பிறந்தது இதிலிருந்துதான். அதே பொருளோடு மெத்தாக்ரிலிக் அமிலத்தைக் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். தண்ணீர் 58 ஆக ஏறியது! சேர்த்தது கொஞ்சம்தான், ஏறியது எவ்வளவு பாருங்கள்.

காரணம் என்ன? அமிலத் தொகுதி தண்ணீரில் மின்னேற்றம் பெறுகிறது. ஒரே மாதிரி மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். சுருண்டு கிடந்த சங்கிலி விரிகிறது. கூடவே வந்த சோடியம் அயனிகள் வலைக்குள்ளேயே நிற்கின்றன. உள்ளே அயனி அதிகம், வெளியே குறைவு என்றால், அதைச் சமன்செய்யத் தண்ணீர் உள்ளே பாய்கிறது. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கை வைத்துப் படித்த அதே சவ்வூடு பரவல்தான். சங்கிலி முழுக்க இந்த கார்பாக்சிலேட் தொகுதிகளே இருந்தால் அது சோடியம் பாலிஅக்ரிலேட். குழந்தைகளின் டயாப்பருக்குள் இருக்கும் சர்க்கரை மாதிரிக் குருணை இதுதான். சுத்தமான தண்ணீரில் தன் எடையைப்போல் பல நூறு மடங்கு குடிக்கும்.

இரண்டாவது, எத்தனை முடிச்சு?

முடிச்சே இல்லாவிட்டால் பாலிமர் கரைந்து கஞ்சி ஆகிவிடும். சில முடிச்சு போட்டால் நிறையக் குடிக்கும், ஆனால் சளசளவென்று இருக்கும், மேலே உட்கார்ந்தால் பிதுங்கும். நிறைய முடிச்சு போட்டால் கெட்டியாக நிற்கும், ஆனால் வலை விரிய முடியாது, கொஞ்சம்தான் குடிக்கும். இந்த இழுபறியைக் கணக்காக எழுதியவர்கள் ஃப்ளோரியும் ரேனரும், 1943-ல். ஃப்ளோரிக்கு 1974-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது, என்ன தண்ணீர்?

இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

மூன்று டம்ளர் சோதனை

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் போயிருந்தபோது திருவிழாக் கடையில் கலர் கலராக ஜெல்லி உருண்டை விற்றார்கள். காய்ந்த நிலையில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டு மாதிரி ஆகும். ஒரு பாக்கெட் வாங்கினேன். (ஒரு எச்சரிக்கை: சின்னப் பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்காதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் போய் உப்பி அடைத்துக்கொள்ளும். ஆபரேஷன் வரை போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு.)

மூன்று டம்ளர் எடுத்தேன். ஒன்றில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். இரண்டாவதில் ராஜபாளையத்தில் குழாயில் வரும் மலைத் தண்ணி. மூன்றாவதில் சித்தப்பா வீட்டுப் போர் தண்ணி. ஒரே பாக்கெட், ஒரே அளவு உருண்டை, ஒரே ராத்திரி. காலையில் பார்த்தால் டிஸ்டில்டு வாட்டரில் கோலிக்குண்டு, மலைத் தண்ணியில் அதைவிடச் சிறிது, போர் தண்ணியில் சுண்டைக்காய்!

விடவில்லை. நன்றாக உப்பிய உருண்டைகளில் ஒன்றை உப்புக் கரைசலிலும் இன்னொன்றை லேபில் வாங்கிய கால்சியம் குளோரைடு கரைசலிலும் போட்டேன். இரண்டும் குடித்ததைக் கக்கிவிட்டுச் சுருங்கின. திரும்ப இரண்டையும் டிஸ்டில்டு வாட்டரில் போட்டேன். உப்பில் சுருங்கியது மறுபடி உப்பியது. கால்சியத்தில் சுருங்கியது பழைய அளவுக்கு வரவே இல்லை.

ஏன்? வெளியே உப்பு இருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் அயனி வித்தியாசம் குறைந்துவிடுகிறது, தண்ணீருக்கு உள்ளே பாய வேகம் இல்லை. இது சோடியத்தின் வேலை. கால்சியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதற்கு இரண்டு கை. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளின் கார்பாக்சிலேட்டை ஒவ்வொரு கையாலும் பிடித்துக்கொள்கிறது. அதாவது, நாம் போட்ட முடிச்சு போதாதென்று தண்ணீரே புது முடிச்சு போடுகிறது! வலையின் அமைப்பே மாறிவிடுகிறது.

என் அம்மா வேதியியல் படித்ததில்லை. ஆனால் “போர் தண்ணியில துவரம்பருப்பு வேகாது” என்று சொல்வார். பருப்பின் பெக்டினைக் கால்சியம் இறுக்கிக் கட்டுவதும் இதே கதைதான். அடுப்படியில் தெரிந்த உண்மை, பாக்கெட் மேல் எண் அச்சடிக்கிறவர்களுக்குத் தெரியாதா என்ன?

இந்த உருண்டைகளைப் பற்றிப் படிக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. மின்னேற்றம் இல்லாத பாலிஅக்ரிலமைடு மாதிரி ஜெல், சுத்தத் தண்ணீரில் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் உப்புத் தண்ணீரிலும் ஏறத்தாழ அதே அளவு குடிக்கும். பல நூறு மடங்கு குடிக்கும் பாலிஅக்ரிலேட், உடம்பின் உப்பளவான 0.9 சதவீத உப்புக் கரைசலில் 30 முதல் 50 மடங்குக்கு இறங்கிவிடும். அப்படியானால் ‘சிறந்த’ ஜெல் எது? கேள்வியே தப்பு. ‘எந்தத் தண்ணீருக்குச் சிறந்தது?’ என்று கேட்க வேண்டும்.

விவசாயி கையில் கொடுக்கும் எண்

என் உறவில் ஒரு மாமா. மானாவாரிக் காடு வைத்திருக்கிறார். ஒரு வியாபாரி வந்து, “இந்தப் பொடியைப் போட்டா மழையே வேண்டாம்ணே, பல நூறு மடங்கு தண்ணி புடிக்கும்” என்று சொல்லிப் பணம் வாங்கிப் போனார். விளைச்சலில் ஒரு மாற்றமும் இல்லை. மாமா இன்றைக்கும் “படிச்சவங்க ஏமாத்துறாங்கப்பா” என்கிறார். வலிக்கிறது நண்பர்களே, ஏனென்றால் நாமும் படித்தவர்கள்தான்.

ஜெல்லே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. டில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘பூசா ஹைட்ரோஜெல்’ நல்ல ஆராய்ச்சி. அதன் முதுகெலும்பு செல்லுலோஸ், அதன்மேல் ஒட்டவைத்தது பாலிஅக்ரிலேட். வெப்பமான மண்ணில் நன்றாக வேலை செய்யும்படி அமைத்தார்கள். தூய நீரில் குறைந்தது 350 மடங்கு குடிக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ போதும் என்றும் சொல்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் டிப்ளமோ படித்த நாம் பேனாவை எடுத்துக் கணக்குப் போட வேண்டாமா?

2 கிலோவை 350-ஆல் பெருக்குங்கள். 700 லிட்டர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4,047 லிட்டர். ஆக, ஜெல் முழு வயிறு குடித்தாலும் ஒரு தடவைக்கு அது வைத்திருப்பது 0.2 மில்லிமீட்டர் மழைக்கும் குறைவு! அது வேர்ப்பக்கத்திலேயே இருப்பதால், ஒவ்வொரு நனைப்பிலும் நிரம்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதால் பயன் உண்டு. மணல் கலந்த செம்மண்ணில் அந்தப் பயன் அதிகம். தானே உப்பி ஈரம் பிடிக்கும் நம் கரிசலில் குறைவு. பாய்ச்சுவது போர் தண்ணி என்றால் இன்னும் குறைவு. ‘மழையே வேண்டாம்’ என்பது மட்டும் எந்த மண்ணிலும் உண்மை இல்லை.

இந்தக் கணக்கை மாமாவுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? வியாபாரி சொல்லமாட்டார். பெரிய விஞ்ஞானி மாமாவின் காட்டுக்கு வரமாட்டார். நடுவில் இருக்கிற நாம்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த நேரத்தில் செமஸ்டருக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

கட்டுத்துணிக்குத் திரும்புவோம்

அப்பத்தா கேட்டதற்கு மீதிப் பதில் இது. 1962-ல் லண்டனில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சின்னக் காயங்களை ஏற்படுத்தி ஒப்பிட்டுப் பார்த்தார். காற்றில் காயவிட்ட காயத்தைவிட, ஈரம் போகாமல் மூடி வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. ‘புண் காயணும்’ என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகியதற்கு நேர் எதிர்! அதற்காகச் சொதசொதவென்று நனைந்தாலும் கெடுதல்தான். மிச்ச நீரைக் குடிக்க வேண்டும், ஈரத்தை விடக்கூடாது, பிரிக்கும்போது ஒட்டக்கூடாது. இந்த மூன்றையும் ஒருசேரச் செய்ய, குடித்ததும் ஜெல் ஆகும் இழை வேண்டும்.

அப்படி இழைகள் உண்டு. ஒன்று, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கால்சியம் ஆல்ஜினேட். இங்கே கால்சியம் நமக்கு நண்பன்! புண்ணின் நீரில் உள்ள சோடியம் அந்தக் கால்சியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற, முடிச்சு தளர்ந்து இழை ஜெல்லாகிறது. ஆல்ஜினேட்டிலும் இரண்டு வகை அலகுகள் உண்டு. குலுரோனிக் அலகு அதிகமானால் ஜெல் கெட்டியாக நிற்கும், மேனுரோனிக் அலகு அதிகமானால் அதிகம் உப்பும். மறுபடியும் பாருங்கள், என்ன விகிதத்தில் சேர்ந்திருக்கிறது என்பதே எல்லாம்.

இன்னொன்று நம் வீட்டுப் பிள்ளை. செல்லுலோஸை காஸ்டிக் சோடாவிலும் மோனோகுளோரோ அசெட்டிக் அமிலத்திலும் பக்குவப்படுத்தினால் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், அதாவது சி.எம்.சி. கிடைக்கிறது. நம் சைசிங் பாத்திரத்தில் பசையாகப் போடுகிறோமே, அதே சி.எம்.சி.தான். மாற்றம் அதிகமானால் இழை கரைந்துபோகும், பசைக்கு அது வேண்டும். மாற்றத்தை அளவோடு நிறுத்தினால் இழை இழையாகவே இருந்து, ஈரம் பட்டதும் ஜெல் ஆகும், கட்டுத்துணிக்கு அது வேண்டும். இந்த வகைக் கட்டுத்துணிகள் 1990களிலேயே வெளிநாட்டுச் சந்தைக்கு வந்துவிட்டன. ஒரு சின்னச் சதுரத்தின் விலை, எங்கள் அப்பா நாள் முழுக்க நெய்யும் துணியோடு போட்டி போடும்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்கிறேன். நாம் நெய்வதும் செல்லுலோஸ். அவர்கள் விற்பதும் செல்லுலோஸ். நடுவில் இருப்பது ஒரு வேதியியல் படி. அந்தப் படியை நாம் ஏறாதவரை, மீட்டர் கணக்கில் நெய்து, பைசா கணக்கில் கூலிக்குப் போராடிக்கொண்டே இருப்போம். பேண்டேஜ் துணி ஒழிந்துபோகாது. ஆபரேஷனுக்கு வேண்டும், கட்டின்மேல் சுற்ற வேண்டும். ஆனால் அது மட்டுமே போதும் என்று இருந்தால் நாளைக்கு நம் தறி நிற்கும்.

அது அவ்வளவு எளிதில்லை என்பது எனக்கும் தெரியும். அந்த அமிலம் மேலே பட்டால் ஆளையே கொல்லக்கூடியது. வீட்டுத் திண்ணையில் வைத்துச் செய்யும் வேலை அல்ல. கழிவுநீருக்கு வழி வேண்டும். 2017-ம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி உரிமம் வேண்டும். ‘நம்மால் முடியாது’ என்பதற்கு இவை காரணங்கள் அல்ல, ‘என்னென்ன படிக்க வேண்டும்’ என்பதற்குப் பட்டியல். பக்கத்தில் மதுரையைப் பாருங்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து யானை விலையில் வந்துகொண்டிருந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-ல் அங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. ஏழைக் கண்களுக்கும் லென்ஸ் எட்டியது. அதுவும் பாலிமர்தான் நண்பர்களே!

“இதெல்லாம் நமக்கு எதுக்கு மாப்ள?”

இப்படிக் கேட்கிற நண்பர்களுக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.

ஒன்று: விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், தன் வீட்டுச் சமையலறையில், பையன் விளையாடும் மெக்கானோ மாதிரி செட்டில் சக்கரம் கட்டி, சைக்கிள் டைனமோவால் சுழலவைத்துத்தான் முதல் நல்ல காண்டாக்ட் லென்ஸ்களை வார்த்தார். முருகானந்தம் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வசதி இல்லை என்று இருவருமே உட்கார்ந்துவிடவில்லை.

இரண்டு: நம் இறுதியாண்டு புராஜெக்ட். மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், எத்தனை பேர் சொந்தமாகச் செய்கிறோம்? ரெடிமேட் கடையில் பணத்தைக் கொடுத்து, பைண்டிங் செய்த ரிப்போர்ட்டோடு வாங்கி வருகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று வைவாவுக்கு முதல் நாள் ராத்திரி படிக்கிறோம். பாக்கெட் எண்ணை நம்பி ஏமாந்த மாமாவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர் ஏமாந்தார். நாம் தெரிந்தே ஏமாறுகிறோம்.

பணமே செலவில்லாத ஒரு புராஜெக்ட் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டயாப்பரைக் கிழித்து உதறினால் குருணை கிடைக்கும். நைலான் வலைத்துணியில் சின்னப் பை தைத்து, எடை பார்த்து 0.2 கிராம் குருணையைப் போடுங்கள். அரை மணி நேரம் தண்ணீரில் முக்கி, பத்து நிமிஷம் தொங்கவிட்டு, மறுபடி எடை பாருங்கள். குருணை இல்லாத ஈரப் பையின் எடையையும் காய்ந்த குருணையின் எடையையும் கழித்துவிட்டு, மிச்சத்தைக் காய்ந்த குருணையின் எடையால் வகுத்தால் ‘எத்தனை மடங்கு’ என்பது வந்துவிடும். கம்பெனி லேப்களிலும் இதே பைமுறைச் சோதனை உண்டு. டிஸ்டில்டு வாட்டரில் ஒன்று, லிட்டருக்கு 9 கிராம் உப்பில் ஒன்று, பிறகு ராஜபாளையம் குழாய், ஸ்ரீவில்லிபுத்தூர் போர், உங்கள் ஊர்க் கண்மாய், உங்கள் தோட்டத்துக் கிணறு. நம் வகுப்பில் எத்தனை ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறோம்! ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு வந்தால், இந்த வட்டாரத்துத் தண்ணீரில் ஜெல் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு அட்டவணையே போட்டுவிடலாம். அதை எங்கள் மாமா மாதிரி ஆட்கள் படித்துப் பார்ப்பார்கள். எந்த ரெடிமேட் கடையிலும் அது கிடைக்காது.

முடிவாக ஒன்று

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னைக் கேட்டால், ஏட்டில் இருப்பது சுரைக்காயின் தப்பு இல்லை. அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாத நம் தப்பு.

அப்பத்தாவின் புண் எட்டு மாசம் கழித்து ஆறியது. டாக்டர் சொன்னபடி கடைசி இரண்டு மாசம் ஜெல் வகைக் கட்டு போட்டார்கள். செலவுக்குச் சித்தப்பா கடன் வாங்கினார். பிரிக்கும்போது அப்பத்தா பல்லைக் கடிக்கவில்லை. “இது எந்த ஊருத் துணிய்யா?” என்று கேட்டது. கவரைப் பார்த்தேன். வெளிநாட்டுப் பெயர். சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த தடவை எந்த வீட்டிலாவது ஒரு அப்பத்தா இதே கேள்வியைக் கேட்டால், “நம்ம ஊருதான் அப்பத்தா” என்று ஒரு பேரன் சொல்ல வேண்டும். அந்தப் பேரன் இந்த மலரைப் படிக்கிறவர்களில் ஒருவனாக இருக்க வேண்டும்.

அதுவரை, யார் எந்த எண்ணைச் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். ‘எத்தனை மடங்கு?’ என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சிலேயே ‘எந்தத் தண்ணியில்?’ என்று கேளுங்கள்!

— இறுதியாண்டு மாணவன், டெக்ஸ்டைல் டெக்னாலஜி